மேயோவின் சுவரில் இருக்கும் பெயர்கள்

காசல்பார், மேயோ, அயர்லாந்து
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெல்ஜியத்தில் லூவனில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் முதல் உலகப் போர்க்களமான ஈப்பர் நகரத்துக்குப் போய்வரலாம் என்று கூப்பிட்டதையும், நம்மையும் ஐரிஷ்காரர்களையும் ஒருசேர அடக்கி ஆண்ட பிரிட்டிஷ் ராஜ்ஜியத்துக்காகச் செத்தவர்களுக்கு முன்னால் நான் எதற்காகப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்து மறுத்துவிட்டதையும் சொன்னாய். நீ கேட்டது நியாயமான கேள்வி. அதை ஒரு வாரமாக மனத்துக்குள் புரட்டிக்கொண்டே இருந்தேன். இன்று மதியம் மழை விட்டதும் லானா சாலையில் இருக்கும் அமைதிப் பூங்காவுக்கு நடந்து போய், அந்தச் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2008-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் அந்தப் பூங்காவைத் திறந்து வைத்தபோது உனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் எத்தனையோ முறை அதைக் கடந்து வந்திருக்கிறாய். முதல் உலகப் போரில் மட்டும் இறந்துபோன மேயோக்காரர்களின் பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர், வியட்நாம், ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணி என்று அதற்குப் பின்னால் வந்தவற்றில் உயிர்விட்டவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அவர்கள் போட்டிருந்த சீருடை எந்த நாட்டுடையது என்று பார்த்து யாரையும் ஒதுக்கவில்லை. மேயோவில் பிறந்தவர், போரில் இறந்தவர் என்பது மட்டுமே கணக்கு. பிரிட்டிஷ் படையில் இறந்தவரும், அமெரிக்கப் படையில் இறந்தவரும், கடல் கடந்து போய்ச் சேர்ந்த மற்ற நாடுகளின் படைகளில் இறந்தவரும் ஒரே மண்ணின் பிள்ளைகளாக அங்கே நிற்கிறார்கள்.

இத்தனை பேர் ஏன் போனார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1841-இல் மேயோவின் மக்கள்தொகை 3,88,887. உருளைக்கிழங்குப் பஞ்சம் முடிந்து 1851-இல் கணக்கெடுத்தபோது அது 2,74,499. இன்றைக்கு ஏறத்தாழ 1,38,000 பேர்தான் இங்கே இருக்கிறோம். கல்லும் சேறுமான நிலத்தில் ஒரு துண்டை மூத்தவன் வைத்துக்கொண்டால் இளையவனுக்கு மிச்சம் கப்பலும் பட்டாளமும்தான். படையில் சேர்ந்தால் மாதா மாதம் சம்பளம். போர் வந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு படி. இதை உனக்கு நான் விளக்கத் தேவையே இல்லாதபடி நம் வேலூர்ப் பக்கத்திலும் இதே கதைதான். ஏரி வறண்டால் பட்டாளம் என்று வளர்ந்த ஊர்கள் அவை. ராஜ்ஜியத்தின் மீது பக்தி கொண்டு போனவர்கள் சிலர் இருந்திருக்கலாம். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைக்கும் என்று தலைவர்கள் சொன்னதை நம்பிப் போனவர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று போனவர்களே அதிகம் என்பது இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊர் முதியவர்களுக்குப் பணிவிடை செய்த எனக்குத் தெரிந்தது.

போனவர்கள் ஒரு நாட்டிலிருந்து போனார்கள். பிழைத்தவர்கள் திரும்பி வந்தது வேறு ஒரு நாட்டுக்கு. 1916-இல் டப்ளின் எழுச்சியும் அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றதும் மக்கள் மனத்தையே மாற்றிவிட்டிருந்தன. 1919-இலிருந்து பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர். மேயோவிலேயே கில்மீனா, டூர்மகெடி, காரோகென்னடி என்று 1921-இல் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குதல்கள் நடந்தன. அந்தப் போரில் இறந்த இளைஞர்களுக்குச் சாலையோரம் சிலுவையும் கல்லும் எழுந்தன. அது அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான். ஆனால் அதே தெருவில், பிரான்சிலும் துருக்கியிலும் மகனைப் பறிகொடுத்த தாய், அவன் பெயரைச் சொல்லி அழக்கூட அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அயர்லாந்து முழுவதிலிருந்தும் 2,00,000 பேருக்கு மேல் அந்தப் போருக்குப் போய், சுமார் 35,000 பேர் திரும்பாமலே போனார்கள். இத்தனை பெரிய சாவைப் பற்றி வீடுகளில் இரண்டு தலைமுறை பேசவில்லை என்றால் அந்த மௌனத்தின் கனத்தை நீயே நினைத்துப் பார்.

அந்த மௌனத்தை நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். முதியோர் வார்டில் நான் இருந்த காலத்தில் தொண்ணூறு வயதைத் தொட்ட ஒரு மூதாட்டி இருந்தார். குளிர்காலம் முழுவதும் எங்களோடு இருந்தார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அருகில் உட்கார வைத்து ஏதாவது கேட்பார். ஒருநாள் அவருடைய தம்பி மகனிடம் சொல்லி வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் செய்தார். பழைய துணியில் சுற்றிய ஒரு வெண்கல வட்டு அதற்குள் இருந்தது. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, எதிர்பார்த்ததை விடக் கனம். ஒரு பெண் மாலையை நீட்டி நிற்கிறாள். பக்கத்தில் ஒரு சிங்கம். சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இவர் உயிர் துறந்தார் என்று விளிம்பைச் சுற்றி எழுத்து. நடுவில் ஒரு கட்டத்துக்குள் அவருடைய பெரியப்பாவின் பெயர் புடைத்த எழுத்தில் இருந்தது. பெயருக்கு முன்னால் பதவி எதுவும் இல்லை. படைத்தளபதியானாலும் சிப்பாயானாலும் பதவி போடாமல் இந்த வட்டைச் செய்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போருக்குப் பின் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தபாலில் அனுப்பினார்கள்; பத்து லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். சனங்கள் அதற்கு வைத்த பெயர் "இறந்தவன் காசு".

அந்த மூதாட்டியின் பாட்டி அதை மாவுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாராம். பிரிட்டிஷ் படை வீட்டைச் சோதனை போட வந்தால் எடுத்துக் காட்டலாம், புரட்சிக்காரர்கள் வந்தால் கண்ணில் படாமல் இருக்கும் என்பதற்காக அந்த இடம். நாடு விடுதலையான பின்னும் அது அங்கிருந்து வெளியே வரவில்லை. "வைத்திருப்பதும் குற்றம் போல இருந்தது, தூக்கிப் போடுவதும் குற்றம் போல இருந்தது" என்று அவர் சொன்னார். சொல்லும்போது அந்த எழுத்துகளைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எழுத்தின் மேல் விளிம்புகள் ஏற்கெனவே மழுங்கியிருந்ததைக் கவனித்தேன். யாரும் பேசாத அந்த எண்பது தொண்ணூறு வருஷமும் அந்த வீட்டில் யாரோ ஒருவருடைய விரல் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எந்தப் படை என்று கேட்டேன். கனாட் ரேஞ்சர்ஸ் என்றார். அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், கால்வேயிலும் மேயோவிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் எடுத்த படை அது. "நீ வந்த நாட்டிலிருந்துதான் அவர் பிரான்சுக்குப் போனார்" என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். 1914-இல் போர் வெடித்தபோது கனாட் ரேஞ்சர்ஸின் முதல் பட்டாலியன் பஞ்சாபில் பிரோஸ்பூரில் இருந்தது. இந்தியப் படையின் லாகூர் டிவிஷனோடு, பிரோஸ்பூர் பிரிகேடின் ஓர் அங்கமாக, அவர்கள் கப்பலேறி அந்த ஆண்டு செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதே பிரிகேடில் இருந்த 129-ஆம் பலூச்சிப் படையைச் சேர்ந்த குதாதாத் கான்தான் அக்டோபர் 31-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஹொலபெக்கே அருகில் காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நீ போக மறுத்த ஈப்பரில் நடந்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான் ஜெர்மானியர்கள் அங்கே குளோரின் நச்சுப்புகையைத் திறந்து விட்டிருந்தார்கள். லாகூர் டிவிஷனை அவசரமாக நடத்திக் கொண்டுவந்து, மறைவே இல்லாத வெட்டவெளிச் சரிவில் பட்டப்பகலில் முன்னேறச் சொன்னார்கள். கனாட் ரேஞ்சர்ஸும், பட்டாணியரும் சீக்கியரும் டோக்ராக்களும் பஞ்சாபியரும் கலந்த 57-ஆம் வைல்ட்ஸ் ரைபிள்ஸும் ஒரே தாக்குதலில் இருந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கி, அதன் மேல் மறுபடியும் புகை. முகமூடி கிடையாது, தலைப்பாகையை நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதிகாரிகள் விழுந்த பிறகு மீர் தஸ்த் என்ற ஜமேதார் (இந்தியப் படையின் இளநிலை அதிகாரி), தானும் புகையால் பாதிக்கப்பட்ட நிலையில், இருட்டிய பின் காயம்பட்ட எட்டு அதிகாரிகளைத் தூக்கி வந்தார். எதிரியின் அகழியை அவர்கள் எட்டவே இல்லை. மூதாட்டியின் பெரியப்பா அன்று போனவர்தான். உடல் கிடைக்கவில்லை. அப்படி உடல் கிடைக்காத 54,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை ஈப்பரில் மெனின் வாயில் என்ற நினைவு வளைவின் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கனாட் ரேஞ்சர்ஸும் அங்கே உண்டு, இந்தியப் படைகளும் அங்கே உண்டு.

இதில் நீ எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தின் சாவுக் கணக்கைச் சீருடையை வைத்துப் பிரித்தால் என்ன ஆகும் என்று பார். வெஸ்ட்போர்ட்டில் பிறந்த ஜான் மெக்பிரைட் தென்னாப்பிரிக்கப் போரில், டச்சு வழி வந்த குடியேறிகளான போயர்களின் பக்கம் நின்று பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்டார். அதே போரில் எதிர்ப்பக்கம் கனாட் ரேஞ்சர்ஸில் மேயோப் பையன்கள் இருந்தார்கள். 1916 எழுச்சியில் பங்கெடுத்ததற்காக மெக்பிரைடை மே 5-ஆம் நாள் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களில் கனாட் ரேஞ்சர்ஸ் முதல் பட்டாலியன் ஈராக்கில் டிக்ரிஸ் நதிக்கரையில் குட் நகரத்தை மீட்கப் போன படையில் இருந்தது. அதே வெஸ்ட்போர்ட்டின் ஆகவேல் இடுகாட்டில் கார்னீலியஸ் கோக்லன் என்பவர் அடக்கமாகியிருக்கிறார். 1857-இல் டெல்லி முற்றுகையில் நம் சிப்பாய்களை எதிர்த்துச் சண்டையிட்டு விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1915-இல் இறந்த அவருடைய குழிக்கு 2004 வரை ஒரு கல் கூட இல்லை. அந்தக் கல்லின் முன் நான் நின்றபோது எனக்குப் பூப் போட மனம் வரவில்லை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பெயர் இல்லாமல் கிடந்த தொண்ணூறு வருஷத்தை நினைத்தபோது அந்தக் கல் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அடக்கியவனின் படையில் இருந்தவன் அடங்கியே கிடந்தான் என்றும் சொல்ல முடியாது. 1920 ஜூன் 28-ஆம் நாள் ஜலந்தரில் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் வீரர்கள், அயர்லாந்தில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியங்களைக் கேள்விப்பட்டு, இனி இந்த ராஜாவுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்து ஓராண்டு கடந்திருந்தது. அமிர்தசரசுக்கும் ஜலந்தருக்கும் அதிக தூரம் இல்லை. செய்தி மலையடிவார ஊரான சோலனுக்குப் போனது. அங்கே ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றப் போன கைகலப்பில் இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர் பாட்ரிக் ஸ்மித். மற்றவர் பீட்டர் சியர்ஸ், இதே மேயோவில் நீல் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். தலைவராக இருந்த ஜேம்ஸ் டேலியை நவம்பர் 2-ஆம் நாள் தக்ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். 1922-இல் அந்தப் படையே கலைக்கப்பட்டது. 1936-இல் ஐரிஷ் அரசு கலகம் செய்தவர்களுக்கு ஓய்வூதியம் தரச் சட்டம் போட்டது. 1970-இல் மூவரின் எலும்புகளையும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து அயர்லாந்து மண்ணில் அடக்கம் செய்தது. ஒரே படை, ஐந்தாறு வருஷ இடைவெளி. ஈப்பரில் அந்தச் சீருடையோடு விழுந்தவரும் சோலனில் விழுந்த பீட்டர் சியர்ஸும் ஒருவருக்கொருவர் அந்நியராக இருந்திருக்க மாட்டார்கள். ஒருவரைக் கொண்டாடி மற்றவரை மறைத்து வைத்த அந்த நீண்ட காலத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இருவரையும் பெற்ற தாய்மார்கள் ஒரே கோவிலில் மெழுகுவத்தி ஏற்றியவர்கள்.

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. ஆனாலும் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போன மேயோக்காரர்கள் அங்கே படையில் சேர்ந்தார்கள், இறந்தார்கள். ஐரிஷ் படையையே விட்டு விலகிப் போய் நேச நாட்டுப் படைகளில் சேர்ந்தவர்கள் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 5,000 பேர். போர் முடிந்து வந்த அவர்களுக்கு ஏழு வருஷம் அரசு வேலை கிடையாது என்று 1945-இல் ஆணை வந்தது. அவர்களை மன்னித்துச் சட்டம் வந்தது 2013-இல். அதற்குள் பெரும்பாலானோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். பிறகு வியட்நாம். பாலிஹானிஸ் பக்கத்திலிருந்து 1962-இல் அமெரிக்கா போன பாட்ரிக் கல்லாகர் மரைன் படையில் சேர்ந்தார். 1966 ஜூலையில் காம் லோ என்ற இடத்தில், உறங்கிக்கொண்டிருந்த தோழர்களுக்கு நடுவே விழுந்த கையெறி குண்டின் மேல் படுத்து அவர்களைக் காத்தார். அது உடனே வெடிக்காததால் எடுத்து ஆற்றில் எறிந்து தானும் தப்பித்தார். அதற்காக அவருக்கு நேவி கிராஸ் என்ற அமெரிக்க வீர விருதைக் கொடுத்தார்கள். 1967 மார்ச் 30-இல் டா நாங் அருகில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கு வயது 23. இன்று ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தப் போர் தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பையனின் பெயருக்கு முன்னால் நின்றால் அதை அவனிடம் சொல்ல எனக்கு நா எழாது.

இந்தப் பெயர்களைத் திரட்டியது அரசாங்கம் என்று நினைத்துவிடாதே. முதல் உலகப் போரில் தாத்தாவை இழந்த மைக்கேல் ஃபீனி என்ற காசல்பார்க்காரர் தொடங்கிய வேலை அது. கல்லறைப் பதிவேடு, பழைய செய்தித்தாள், தேவாலயக் கணக்கு, வீட்டு டப்பாக்களுக்குள் கிடந்த கடிதம் என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஒவ்வொரு பெயராக எடுக்க வேண்டியிருந்தது. ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். படையில் சேர வயதையும் ஊரையும் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். மேயோவில் பிறந்து லங்காஷயர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சேர்ந்தவனின் பெயர் அங்கத்திய படையில் இருக்கும். ஒவ்வொன்றையும் சரிபார்த்து இவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று சொல்லும் அந்த உழைப்பு எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. பூங்கா திறந்த பிறகு ஒரு நாள் அந்த மூதாட்டியின் தம்பி மகன் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, சுவரில் பெரியப்பாவின் பெயர் இருப்பதை அத்தையின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டியதாகச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி, கல்லில் வெட்டிய எழுத்தையும் விரலால்தான் படித்தாராம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நீ சிறுமியாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோமே, சாவடிச் சுவரில் பதித்த ஒரு கல்லைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வேலூர்ப் பக்கம் மட்டுமில்லை, இந்தியா முழுவதும் ஊர் ஊராக அதே வாசகத்தில் அப்படிப்பட்ட கற்களைப் பதித்தார்கள். எண்ணிக்கை இரண்டு இருக்கும். பெயர் ஒன்று கூட இருக்காது. அந்த இரண்டாவது எண்ணுக்குள் ஒருவர் என் பாட்டியின் சித்தப்பா. அவர் பஸ்ராவுக்குப் போனார் என்பதும், சாகும் முன் ஒரே ஒரு முறை பணம் அனுப்பினார் என்பதும் மட்டுமே நம் வீட்டில் இருக்கும் வரலாறு. பாட்டி அவரைப் "பட்டாளத்துச் சித்தப்பா" என்றுதான் சொல்வார். பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் பாட்டி இல்லை.

பஸ்ராவில் ஒரு நினைவகம் இருக்கிறது, யாழினி. ஈராக்கில் இறந்து குழி தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது; 1997-இல் அதைக் கல் கல்லாகப் பெயர்த்து நாசிரியா சாலைக்கு மாற்றி வைத்தார்கள். கனாட் ரேஞ்சர்ஸ் வீரர்களின் பெயர்கள் அங்கே உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. ஆனால் சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தான். எல்லோருக்கும் சமமான நினைவு என்று சொல்லித் தொடங்கிய காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள், இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே எழுதப்படவில்லை, அவர்களில் பெரும்பாலோர் இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிக்ரிஸ் கரையில் ஒரே வெயிலில், ஒரே வாந்திபேதியில், ஒரே சேற்றில் மேயோப் பையனும் மதராஸ் பையனும் செத்தார்கள். மேயோப் பையனின் பெயரை அவன் ஊர் மறைத்தது, ஆனாலும் எழுதி வைத்த இடம் ஒன்று இருந்தது, பேரன் வந்து தேடி எடுத்தான். நம் பையனுக்கு எழுதி வைக்கவே இல்லை.

செங்கத்துப் பக்கம் வயல்வெளியில் நடுகற்களைப் பார்த்தபோது நீ கேட்டாய், இது சாமியா, மனுஷனா என்று. மனுஷன்தான் என்று சொன்னேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் மாடு மீட்கப் போய் விழுந்த ஒரு சேவகனுக்கு, எந்த அரசன் காலத்தில், யாருடைய ஆள், எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டி, பக்கத்தில் அவன் வில்லோடு நிற்கும் உருவத்தையும் செதுக்கி வைத்தவர்கள் நம் ஆட்கள். அப்படிப்பட்ட வழக்கம் இருந்த மண்ணில் பெயரில்லாத அந்தச் சாவடிக் கல்லைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. எண்ணிக்கையைப் படிக்க முடியும். விரலால் தடவ அங்கே ஒன்றும் இல்லை.

ஆகவே நீ ராஜ்ஜியத்துக்குத் தலை வணங்கப் போக வேண்டாம். ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஈப்பருக்குப் போ. மெனின் வாயிலில் தினமும் இரவு எட்டு மணிக்கு எக்காளம் ஊதுகிறார்கள். 1928 முதல் நடக்கும் வழக்கம். அதற்கு முன்னாலேயே, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடு. கூட்டம் சேர்ந்த பிறகு சுவரை நெருங்க முடியாது. கனாட் ரேஞ்சர்ஸ் இருக்கும் பகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள். அந்த மூதாட்டியின் பெரியப்பா பெயரைத் தனித்தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். அவர் காலமாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. தம்பி மகனுக்கு அவ்வளவு தூரம் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஒரு படம் எடுத்து அனுப்பினால் அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவேன். பிறகு 57-ஆம் வைல்ட்ஸ் ரைபிள்ஸ் எங்கே என்று பார்த்து, அங்கேயும் கொஞ்ச நேரம் நில். அங்கே பெயர்கள் இருக்கின்றன.

நம்முடையவருக்காக நான் ஊரில் மாமாவிடம் பேசினேன். மேட்டு நிலத்தைப் பிரித்த பழைய பத்திரம் பாட்டியின் தகரப் பெட்டியில் கிடப்பதாகவும், சித்தப்பா பட்டாளத்துக்குப் போகும் முன் அதில் அவரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அவருக்கு எழுதத் தெரிந்திருக்காது, கைநாட்டு வைத்திருப்பார். ஆனால் கைநாட்டுக்குப் பக்கத்தில் இன்னாருடையது என்று பத்திர எழுத்தர் எழுதித்தான் இருப்பார். பூட்டு துருப்பிடித்திருக்கிறதாம், பொங்கலுக்கு ஆள் வைத்து உடைக்கிறேன் என்றார். தெரிந்தவுடன் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா